தேறி வரும் மலை

மலை போல் வந்தது பனி போல் நீங்கிற்று என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. துன்பத்தைக் குறித்துச் சொன்ன பழமொழி அது. மலையே பனி போல் கரைந்துபோவதும் உண்டு என்பதை அந்தப் பாட்டிமார் அறிந்திருக்க நியாயமில்லை. சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு மலை என்றால் அசையாதது. நாம் போனாலும் போகாவிட்டாலும் இருந்த இடத்திலேயே இருப்பது. அதனால்தான் மலைக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் மற்ற எல்லாவற்றையும் பற்றி யோசிக்கிறார்கள். மலையைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை.

பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ நாலு இளைஞர்கள் கூடி வால்பாறைப் பக்கம் நடைப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்வதைக் கவனித்துப் பாருங்கள். கூடாரம் யார் கொண்டு வருவது, ரொட்டி எத்தனை, டார்ச் விளக்குக்குப் பாட்டரி உண்டா, அட்டைக் கடிக்கு உப்பா மூக்குப்பொடியா என்று இரவு பன்னிரண்டு மணி வரையில் விவாதம் நடக்கும். போன ஆடியில் பெய்த பேய் மழையில் மலை என்ன பாடுபட்டது, அது தேறிவிட்டதா என்று ஒருவரும் கேட்பதில்லை. நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் கூட, "இப்போது வரலாமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறோம். மலையை யாரிடம் கேட்பது? சரித்திரத்தைத்தான் கேட்க வேண்டும்.

1924-ம் வருஷம் ஜூலை மாதத்திலிருந்து தொடங்கலாம். மலையாள நாட்டில் அதற்குத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று பெயர். கொல்லம் ஆண்டு 1099-ல் வந்ததால் அந்தப் பெயர். மேற்கு மலைத்தொடரின் இரண்டு பக்கத்திலும் அந்த மழை கணக்கைத் தீர்த்தது. நம் பக்கத்தில் காவேரி மேட்டூர் அருகே விநாடிக்கு 4,56,000 கன அடி என்ற அளவுக்குப் பெருகி ஓடியது. அதே வருஷம் பிப்ரவரியில்தான் மைசூரும் சென்னையும் காவேரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. அடுத்த ஆண்டு தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூர் அணை, அந்த வெள்ளத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. ஆக, சமவெளிக்காரர்கள் வெள்ளத்திலிருந்து ஒரு பாடம் படித்தார்கள். மலைமேல் நடந்தது வேறு கதை.

வால்பாறைக்குத் தெற்கே, புல்மலைகளைத் தாண்டினால் மூணாறு. கழுகுக்கு அது அடுத்த வீடு. மனிதனோ பொள்ளாச்சிக்கு இறங்கி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த மூணாற்றில் 1902-ல் ஒரு விநோதமான ரயில் ஓடியது. ஒரே ஒரு தண்டவாளம், வண்டியின் சிறு சக்கரங்கள் அதன்மேல் உருளும், பக்கத்திலிருந்த பெரிய சக்கரம் தரையில் உருளும், இழுப்பதற்குக் காளைகள்! 1908-ல் இதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் முறையான இருப்புப்பாதை போட்டு, நீராவி எஞ்சினையும் கொண்டு வந்தார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் என்ற மலை விளிம்புக்குப் போகும். அங்கிருந்து கம்பிவட வழியாகத் தமிழ் நாட்டுக் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு வண்டியேறிப் போடிநாயக்கனூர், அப்புறம் கடற்கரை, அதன் பிறகு சீமை. மூணாற்றில் பறித்த இலையை லண்டனில் ஒரு சீமாட்டி கோப்பையில் ஊற்றுவதற்குள் இத்தனை ஏற்பாடுகள்.

1924 ஜூலை மழை இந்த ரயிலைத் துடைத்துக்கொண்டு போயிற்று. மலை சரிந்தது, பாலங்கள் போயின, தண்டவாளங்கள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. துரைமார்கள் பணத்துக்கும் பிடிவாதத்துக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆனாலும் அந்த ரயிலை அவர்கள் மறுபடி கட்டவில்லை. அதே மழையில், ஆலுவாயிலிருந்து கோதமங்கலம், பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறு வந்த பழைய ராஜபாட்டையும் கரிந்திரி மலைச் சரிவில் புதைந்து போயிற்று. அதையும் தோண்டி எடுக்கவில்லை. நேரியமங்கலம் வழியாக வேறு சாலை போட்டு 1931-ல் திறந்தார்கள். பழைய பாட்டை காட்டின் வசமாயிற்று.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. மலையில் மனிதன் போடும் வழி குடிக்கூலி வீடு மாதிரி. சொந்தக்காரர் கேட்டால் காலி செய்ய வேண்டியதுதான். பெருமழைக்குப் பிறகு நடைப் பிரயாணம் போகிறவருக்குப் பழைய வரைபடத்தைப் போல் பொல்லாத சத்துரு வேறில்லை. வழி எங்கே இருந்தது என்றுதான் அது சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது. போன வருஷம் போய் வந்த நண்பரின் வர்ணனையும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

இனி வால்பாறைக்கு வருவோம். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் சாலை ஏறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரத் துரைகள் வந்தபோது இங்கே இருந்தது மழைக்காடு. அதை வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். வெட்டியதும் நட்டதும் துரைகள் அல்ல. மைதானத்திலிருந்து மேஸ்திரிகள் அழைத்து வந்த ஏழைக் குடும்பங்கள். அவர்கள் குளிரிலும் காய்ச்சலிலும் பட்ட பாட்டை, இந்தத் தோட்டங்களில் வைத்தியராக இருந்த பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கில நாவலாக எழுதினார். 'எரியும் பனிக்காடு' என்று அது தமிழிலும் வந்திருக்கிறது. வால்பாறை மலையை முதன் முதலாகக் கூட்டங் கூட்டமாக நடந்து ஏறியவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்ல என்பதை நினைவில் வைப்பது நல்லது.

காடு போனதற்கும் மலை சரிவதற்கும் சம்பந்தம் உண்டா? உண்டு. மழைக்காட்டில் மழை நேரே மண்ணில் விழுவதில்லை. உயர்ந்த மரத்தின் தலையில் விழுந்து, நடு மரத்துக்கு வந்து, செடிக்கு இறங்கி, கடைசியில் சருகு மெத்தையில் சொட்டுகிறது. மாமியார் கோபம் நாலு பேர் வாய் வழியாக மருமகளிடம் வந்து சேரும்போது வேகம் தணிந்திருப்பது போல! சருகுகள் நீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடுகின்றன. பல ஆழங்களில் ஓடும் வேர்கள் மண்ணைப் பிடித்து நிற்கின்றன. மரத்தை எடுத்து, சரிவின் அடியைச் சாலைக்கும் வீட்டுக்கும் செதுக்கி, ஓடையின் வாயையும் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? மழைநீர் மண்ணுக்குள் இறங்கி அடிப்பாறை மேல் தேங்குகிறது. மண் கனக்கிறது, பாறையோடு அதற்கிருந்த பிடி விடுகிறது. அப்புறம் ஒரு நொடி போதும். பெருமழை கொட்டினால் நல்ல காடும் சரியத்தான் செய்யும். ஆனால் செதுக்கிய மலை அதைவிடச் சுலபமாகச் சரியும்.

கடந்த சில வருஷங்களின் கணக்கைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் வால்பாறைப் பக்கத்துக் கல்லார்குடி என்ற காடர் குடியிருப்பு மண்சரிவில் நாசமாயிற்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்களின் மேல் மலை வந்து விழுந்து 70 பேரை விழுங்கியது, பெரும்பாலும் தமிழர்கள். 2024 ஜூலை 30, பொழுது விடிவதற்குள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்கள் அழிந்தன. 250 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே மழையில் வால்பாறையை அடுத்த சோலையாறு அணைப் பகுதியில் ஒரு வீட்டின் மேல் மண் சரிந்து, பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். பத்திரிகைகளில் வயநாட்டுச் செய்தியின் பக்கத்தில் அது மிகச் சிறிய செய்தியாக இருந்தது. அந்த வீட்டுக்கு அது சிறியதா?

பெட்டிமுடியும் வயநாடும் இரவு நேரத்துச் சம்பவங்கள். இதிலிருந்து பிரயாணி தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த வழியில் நடப்பது என்பதைவிட எந்த இடத்தில் படுப்பது என்பதே பெரிய கேள்வி என்பதாகும். பகலில் கண் காக்கும். இரவில் இடம்தான் காக்க வேண்டும். ஓடைக் கரை பார்க்க அழகாக இருக்கும், தண்ணீருக்கும் சௌகரியம். ஆனால் மேலேயிருந்து வரும் மண்ணுக்கும் அதுதான் ராஜபாட்டை. இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தின் வாயிலும், புதிதாக வெட்டிய மண் சுவரின் அடியிலும், காற்றில் வேர் ஆடிப்போன மரத்தின் கீழும் கூடாரம் அடிக்கக் கூடாது. சரிவின் குறுக்கே புதிய வெடிப்பு தென்பட்டாலும், மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றாலும், தெளிந்து ஓடிய ஓடை திடீரென்று கலங்கினாலும், பெருகி ஓடியது திடீரென்று வற்றினாலும், மூட்டையைக் கட்டிக்கொண்டு உடனே விலக வேண்டியதுதான். வற்றுவது நல்லதல்லவா என்று நினைக்கக் கூடாது. மேலே எங்கேயோ மண் அடைத்துக்கொண்டு நீர் தேங்குகிறது என்பது அதற்கு அர்த்தமாக இருக்கலாம். மழை நின்ற மறுநாளே மலை உலர்ந்துவிடுவதும் இல்லை. வானம் வெளுத்த பின்னும் மண்ணுக்குள் நீர் இருந்துகொண்டேயிருக்கும்.

இடம் தேர்ந்தெடுக்கும் கலையைக் கல்லார்குடிக் காடர்களிடம் கற்றுக்கொள்ளலாம். குடியிருப்பு போனதும் அவர்களைத் தாய்முடி எஸ்டேட்டின் பழைய லயங்களில் தங்க வைத்தார்கள். காடர்கள் கேட்டது வேறு. "தெப்பக்குளமேட்டில் இடம் கொடுங்கள், அங்கே மண் சரியாது, எங்கள் காடும் பக்கத்தில் இருக்கும்" என்பதே அவர்கள் கட்சி. பெயரிலேயே மேடு இருக்கிறது, பாருங்கள்! கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. காட்டுச் சட்டம் குறுக்கே நின்றது, போராட வேண்டியிருந்தது. 2021-ல்தான் அந்த இடம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மலையில் படுத்து எழுந்தவர்களின் சொல் காகிதத்தில் ஏறுவதற்கு இரண்டு ஆண்டு பிடித்தது. நாம் ஒரு ராத்திரித் தங்கலுக்குப் போகிறவர்கள்; அவர்களைக் கேளாமல் இடம் பார்க்கலாமா?

கேட்காமல் போகவும் இப்போது முடியாது. அதற்கும் ஒரு சோக சரித்திரம் இருக்கிறது. முன்னே சொன்ன கம்பிவடம் இறங்கிய கொட்டகுடிக்குப் பக்கத்தில்தான் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ வளைத்துக்கொண்டது. 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும், நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் போனவர்கள். அதன் பிறகு அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழ் நாடெங்கும் 40 வழிகளைக் குறித்து, பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகும் திட்டம் வந்தது. வால்பாறை வட்டாரத்தில் மானாம்பள்ளி அதில் ஒன்று. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களே. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையில் தீக் காலம் என்று வழிகளை மூடிவிடுகிறார்கள். ஆடி, ஆவணியில் மழை. மாசி, பங்குனியில் தீ. மிச்சமிருக்கும் சில மாதங்களில்தான் மலை நமக்குப் பேட்டி அளிக்கும். புலிகள் காப்பகத்தின் உட்காட்டிலும், அக்காமலைப் புல்வெளியிலும் நினைத்தபடி கூடாரம் போட்டுத் தங்க இடமில்லை. இது கெடுபிடி என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். தேறி வரும் நோயாளியின் அறைக்கு வெளியே நிற்கும் செவிலியையும் நாம் அப்படித்தான் முணுமுணுப்போம்.

மலை எப்படித் தேறுகிறது? சரிந்த இடத்தில் முதலில் புல் தலை காட்டும். அப்புறம் வட்டக்கண்ணி போன்ற அவசரக்கார மரங்கள் முளைக்கும். அவற்றின் நிழலில், இருவாய்ச்சியும் மற்றப் பறவைகளும் கொண்டு வந்து போட்ட விதைகளிலிருந்து, நிதானமான பெருமரங்கள் எழ வேண்டும். அதற்கு ஒரு மனித ஆயுள் போதாது. பச்சைப் புல்லைக் கண்டு, "ஆகா, ஆறிவிட்டது!" என்று அதன்மேல் பூட்ஸ் காலால் நடந்தால், அந்தத் தடத்திலேயே அடுத்த மழை வாய்க்கால் வெட்டும். சரிந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவதில் அரை மணி கூடுதலாகும். போகட்டுமே!

மனிதன் உதவினால் மலை சற்றுச் சீக்கிரம் தேறும். நூறு வருஷத்துக்கு முன்னால் ஆனைமலையில் தேக்கு வெட்டித் தீர்ந்த சரிவுகளில், ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி கைத்தடியால் குழி குத்தி, சட்டைப் பையிலிருந்து விதை போட்டுக்கொண்டே நடந்தார் என்று சொல்வார்கள். 1933-ல் இறந்த அவருடைய சமாதி டாப்ஸ்லிப்பில் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. என் ஞாபகச் சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார் என்ற பொருளில் அதில் லத்தீனில் பொறித்திருக்கிறது. நம் காலத்திலும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் இருபது வருஷங்களுக்கு மேலாக, தோட்டங்களுக்கு நடுவே தீவு தீவாகக் கிடக்கும் காட்டுத் துண்டுகளில் அந்தந்த மண்ணுக்குரிய நாற்றுகளை நட்டு வருகிறார்கள். சிங்கவால் குரங்குக்கும் இருவாய்ச்சிக்கும் அதுவே சத்திரம், சாவடி எல்லாம்.

மழையில் அடிபட்ட மலைக்குப் போகலாமா, கூடாதா என்று கேட்டால், போகலாம் என்றுதான் சொல்வேன். யாருமே போகாவிட்டால் வழிகாட்டும் பிள்ளைகளுக்கும் டீக்கடைக்காரருக்கும் பிழைப்பு ஏது? ஆனால் அவசரப்பட வேண்டாம். போன மழையில் எங்கே சரிந்தது என்று வழிகாட்டியிடம் முதலில் கேளுங்கள். எங்கே படுக்கலாம் என்று அவர் சொல்கிறாரோ அங்கே படுங்கள். "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொன்னால் மறு பேச்சுப் பேசாமல் திரும்பி வாருங்கள். நாம் பிரயாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடலாம். லயத்தில் இருப்பவர்கள் அடுத்த மழை இரவை அப்படித் தள்ளிப் போட முடியாது. மேலே சரிவில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி அவர்கள் படுத்திருக்கிறார்கள்.