தட்டாமல் விட்ட கதவு

2018 மார்ச் கடைசி. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ அருகே, சிட்ரஸ் ஹைட்ஸில் ஒரு வீட்டு வாசலுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார் பால் ஹோல்ஸ். கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் பழைய வழக்குகளைத் துருவும் புலனாய்வாளர். பணி ஓய்வுக்குச் சில நாட்களே பாக்கி. அந்த வீட்டுக்காரர் சந்தேகப் பட்டியலில் ஒருவர், அவ்வளவுதான். போய்க் கதவைத் தட்டி, ஒரு டிஎன்ஏ மாதிரி கேட்டு வாங்கி, பெயரை அடித்துவிடலாமா என்று யோசித்ததாகப் பின்னாளில் சொன்னார். தட்டவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நல்லவேளை. உள்ளே இருந்தவர் ஜோசப் டிஆஞ்சலோ. 13 கொலைகள், 50 பேரளவில் பாலியல் வன்கொடுமை. எல்லாம் 1970களின் நடுவிலிருந்து 1986 வரை.

ஹோல்ஸ் இந்தக் கோப்பை முதலில் புரட்டியது 1994இல், ஆய்வகத்தில் இளைஞராக இருந்தபோது. வடக்கே வீடு புகுந்தவனும் தெற்கே கொன்றவனும் ஒரே ஆள் என்று டிஎன்ஏ சொன்னது 2001இல். ஆள் யார் என்று மட்டும் அது சொல்லவில்லை. ஏனென்றால் போலீஸ் தரவுத்தளத்தில் அவன் இல்லை. இத்தனைக்கும் அவனே போலீஸ்காரன். எக்ஸிட்டரிலும் ஆபர்னிலும் சீருடை போட்டவன். 1979இல் கடையில் சுத்தியலும் நாய் விரட்டும் மருந்தும் திருடி மாட்டிக்கொண்டு வேலை போனது. நாய் விரட்டி! ராத்திரியில் வீடு வீடாக ஏறிக் குதிப்பவனைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்து ஊர்க் காவல் நிலையத்துக்கு இந்தத் தகவல் போயிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால், போலீஸ் இத்தனை வருஷம் தவறான டேபிளில் தேடிக்கொண்டிருந்தது. குற்றவாளிகளின் தரவுத்தளம் மரபணுவில் 20 இடங்களைத்தான் பார்க்கும். ஆளையோ மிக நெருங்கிய உறவையோ காட்டும், அதற்கு மேல் போகாது. வம்சாவளி தேடுகிறவர்கள் பயன்படுத்தும் சோதனை லட்சக்கணக்கான புள்ளிகளைப் பார்ப்பது. மூன்றாம் தலைமுறை ஒன்றுவிட்ட சொந்தம்கூட அதில் தட்டுப்படும். வென்ச்சுராவில் 1980 கொலை வழக்கிலிருந்து பத்திரமாக இருந்த மாதிரியை எடுத்து, ஜெட்மேட்ச் என்ற இலவசத் தளத்தில் ஏற்றினார்கள். பார்பரா ரே-வென்டர் என்ற ஓய்வு பெற்ற காப்புரிமை வழக்கறிஞர் வழிகாட்ட, 1800களின் தொடக்கத்தில் வாழ்ந்த முப்பாட்டன்மார் வரை போய், அங்கிருந்து கிளை கிளையாகக் கீழே இறங்கினார்கள். கணினி செய்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் இரங்கல் செய்தி, மக்கள்தொகைக் கணக்கு என்று பழைய காகிதங்களைக் கிளறும் வேலை. கடைசியில் டிஆஞ்சலோவின் கார் கைப்பிடியிலும் குப்பைத் தொட்டியிலும் எடுத்த மாதிரி பொருந்தியது. 2018 ஏப்ரல் 24 அன்று கைது. அப்போது அவனுக்கு 72 வயது. ஹோல்ஸ் ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே கைதட்டி முடித்துவிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அதற்கு முந்தைய வருடம், இன்னொரு வம்சாவளித் தளத்தில் கிடைத்த அரைகுறைப் பொருத்தத்தை நம்பி, ஓரிகனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 73 வயதுக்காரரிடம் நீதிமன்ற ஆணையோடு போய் மாதிரி எடுத்தார்கள். அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது போக, ஜெட்மேட்ச் மட்டுமல்ல, மைஹெரிடேஜ் போன்ற தனியார் தளங்களிலும் சொல்லாமல் கொள்ளாமல் தேடினார்கள் என்பதை 2020 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. பாட்டி ஊர் எது என்று அறிய எச்சில் அனுப்பிய ஒருவரின் அனுமதியை, அவர் முகமே அறியாத உறவினர்கள் எல்லோருக்குமான அனுமதியாக எடுத்துக்கொள்வது எந்தக் கணக்கு? கொலைகாரன் பிடிபட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் இந்தக் கேள்வி கரைந்துபோகவில்லை. 2019 மே மாதம் ஜெட்மேட்ச், உறுப்பினர் தானே சம்மதித்தால்தான் போலீஸ் பார்க்கலாம் என்று விதியை மாற்றியது.

2020 ஜூனில் டிஆஞ்சலோ குற்றங்களை ஒப்புக்கொண்டான். பாலியல் வன்கொடுமைகளுக்கு வழக்குத் தொடரும் காலக்கெடு எப்போதோ முடிந்திருந்தது. மரண தண்டனையைத் தவிர்க்கும் உடன்பாட்டில் அவற்றையும் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நீதிமன்றத்துக்குச் சக்கர நாற்காலியில், வாய் பிளந்து, சொல் வராத கிழவனாக வந்தான். சிறை அறையில் அவன் சுறுசுறுப்பாக நடமாடும் காணொளியை அரசுத் தரப்பு வெளியிட்டது. ஆகஸ்ட் 21, தீர்ப்பு நாளில், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, முகக்கவசத்தைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டான். குரல் தெளிவாகவே இருந்தது.