கணக்குப் பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகளும்

ஒரு டாலருக்கு எவ்வளவு கிரேக்க பாஷை கிடைக்கும் என்று யாராவது கேட்டால், கேட்டவருடைய மூளையைப் பற்றித்தான் நமக்குச் சந்தேகம் வரும். 1913-ம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்தில் அமெரிக்கப் பள்ளி அதிகாரிகளின் மகாநாடு ஒன்று கூடியபோது, ஒரு பெரிய மனிதர் எழுந்து இந்தக் கேள்வியைப் போட்டு, விடையையும் கையோடு சொன்னார். அவர் பெயர் பிராங்க் ஸ்பால்டிங். மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் நியூட்டன் என்ற ஊரின் பள்ளிகளுக்கெல்லாம் சூப்பரின்டெண்டு.

ஸ்பால்டிங்கின் கணக்கு மிகவும் சுலபமானது. ஒரு மாணவன் ஒரு பாட வேளை வகுப்பில் உட்கார்ந்து பாடம் ஒப்பித்தால் அது ஓர் உருப்படி. உபாத்தியாயருக்குக் கொடுக்கும் சம்பளத்தை இந்த உருப்படிகளால் வகுத்தால், எந்தப் பாடம் என்ன விலை என்று தெரிந்துவிடும். நியூட்டனில் ஒரே பணத்துக்குக் கிரேக்கத்தில் 5.9 உருப்படிதான் கிடைத்தது, பிரெஞ்சில் 23.8 கிடைத்தது. சித்திரத்தில் 13.9, வாய்ப்பாட்டில் 41.7. ஆகையால் 5.9 உருப்படி கிரேக்கமும் 23.8 உருப்படி பிரெஞ்சும் சம மதிப்புள்ளவை. இந்த விலைக்கு இனிமேல் கிரேக்கம் வாங்குவது கட்டுப்படியாகாது என்றார் அவர். கிரேக்க வகுப்பில் நாலு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள், பிரெஞ்சு வகுப்பு நிரம்பி வழிந்தது என்பதைத் தவிர இந்தக் கணக்கில் வேறு ரகசியம் எதுவும் இல்லை. அதைச் சொல்வதற்குத் தசம ஸ்தானம் வேண்டியிருந்தது!

சபையார் அவரைப் பைத்தியக்காரர் என்று நினைத்துவிடவில்லை. அடுத்த சில வருஷங்களில் மினியாபோலிஸ் நகரம் அவரை அழைத்துக்கொண்டது. பிறகு கிளீவ்லாந்து அழைத்தது. கடைசியில் யேல் சர்வகலாசாலையே அழைத்தது. இது எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால், கதையை ரயில்வேயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1910-ல் அமெரிக்க ரயில் கம்பெனிகள் சரக்குக் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டன. அவற்றை எதிர்த்து வாதாடியவர் லூயி பிராண்டைஸ் என்ற வக்கீல். பிற்காலத்தில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியானவர். கட்டணத்தை ஏன் உயர்த்த வேண்டும், வேலை செய்யும் முறையைத் திருத்தினாலே போதுமே என்பது அவர் கட்சி. அவர் கொண்டுவந்து நிறுத்திய சாட்சிகளில் ஹாரிங்டன் எமர்சன் என்ற நிபுணர், ரயில்வேக்கள் நாள் ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு போடு போட்டார். பத்திரிகைகளுக்குக் கேட்க வேண்டுமா? அடுத்த வருஷமே பிரடெரிக் டெய்லர் என்ற இஞ்சினீயர், விஞ்ஞான நிர்வாகத்தைப் பற்றித் தம்முடைய புத்தகத்தை வெளியிட்டார். பெத்லஹேம் உருக்காலையில் நாளைக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்த கூலியாளை நாற்பத்தேழரை டன் சுமக்க வைத்த வரலாறு அதில் இருந்தது. அவனுடைய கூலியோ 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டுக்குத்தான் உயர்ந்தது. வேலை நாலு பங்கு, கூலி ஒன்றரைப் பங்கு. இதில் விஞ்ஞானம் யாருக்கு அனுகூலமாக இருந்தது என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

‘திறமை, சிக்கனம்’ என்ற மந்திரம் இப்படி நாடெங்கும் ஒலித்தபோது பள்ளிக்கூடங்கள்தாம் முதலில் அகப்பட்டுக்கொண்டன. வரிப் பணத்தில் நடப்பவை. லாப நஷ்டக் கணக்குக் காட்டாதவை. போதாதற்கு ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கிய ஏழைகளின் குழந்தைகளால் வகுப்புகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. 1909-லேயே ரஸல் ஸேஜ் தர்ம ஸ்தாபனத்தைச் சேர்ந்த லெனார்டு அயர்ஸ் என்பவர், பள்ளிகளில் பின்தங்கியவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். எந்த வயதுப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான் என்று அட்டவணை போட்டு, மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வயதுக்கு ஏற்ற வகுப்பில் இல்லை என்று காட்டினார். அதோடு விட்டாரா? ஐம்பத்தெட்டு நகரங்களை வரிசைப்படுத்தி, இன்ன நகரத்துப் பள்ளிகளின் திறமை நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க்கும் போட்டுவிட்டார். பத்து வயதில் கப்பலை விட்டு இறங்கி, இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாமல் முதல் வகுப்பில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த போலந்துப் பையனுக்கு அந்த மார்க்கு வரிசையில் தனி இடம் கிடையாது. அவனும் நகரத்தின் திறமைக் குறைவில் ஒரு பின்னம்.

சூப்பரின்டெண்டுகள் ஏன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை? ரேமண்டு காலஹன் என்ற சரித்திராசிரியர் 1962-ல் எழுதிய நூல் இதற்குச் சொல்லும் விடை மிக எளியது: பயம். அவர்களுடைய உத்தியோகம் உள்ளூர்ப் பள்ளிக் குழுவின் கையில் இருந்தது. அந்தக் குழுக்களிலோ வியாபாரிகளும் பாங்கிக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். பாங்கிக்காரருக்குப் புரியும் பாஷையில் பேசியவன் பிழைத்தான். பிளேட்டோவைப் பற்றிப் பேசியவன் அடுத்த ஊரில் வேலை தேடினான். இந்த விடையை நான் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். பாக்கிக் கால்வாசிக்குக் கேரி நகரத்துக்குப் போக வேண்டும்.

மிச்சிகன் ஏரியின் தென்கரையில், மணல் மேடும் சதுப்பும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், 1906-ம் ஆண்டு ஒரு நகரம் முளைத்தது. அதை முளைக்க வைத்தது யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் என்னும் உருக்குக் கம்பெனி. தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே ஊருக்கும் வைத்துவிட்டார்கள். கோவில் கட்டிய ராஜாவின் பெயர் ஊருக்கு வாய்ப்பதில்லையா, அந்த மாதிரி. மறு வருஷம் அந்த ஊர்ப் பள்ளிகளை நடத்துவதற்கு வில்லியம் வர்ட் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார்.

வர்ட் கம்பெனியின் கையாள் அல்லர். ஜான் டூயி போன்றவர்களின் கருத்துக்களில் ஊறியவர். குழந்தை கையால் செய்து கற்க வேண்டும், ஓடி விளையாட வேண்டும், பாட வேண்டும், நாடகம் ஆட வேண்டும் என்று மனப்பூர்வமாக நம்பியவர். தச்சுப் பட்டறை, தோட்டம், நீச்சல் குளம், பெரிய கூடம் எல்லாம் பள்ளிக்குள்ளேயே வேண்டும் என்றார். இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வரும்? அதற்குத்தான் அவருடைய பிரசித்தி பெற்ற யுக்தி. பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்தார். ஓர் அணி வகுப்பறையில் எழுதப் படிக்கும்போது மற்ற அணி பட்டறையிலும் கூடத்திலும் மைதானத்திலும் இருக்கும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளும். எந்த அறையும் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இராது. ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கலாம்! பட்டாளத்தில் சிறு அணிக்கு வழங்கும் ‘பிளட்டூன்’ என்ற பெயரே இந்த முறைக்கும் பிற்பாடு நிலைத்தது.

இங்கேதான் வேடிக்கை. ஒரே பள்ளிக்கூடத்தை இரண்டு பேர் இரண்டு கண்ணால் பார்த்தார்கள். டூயி தம் மகளோடு சேர்ந்து 1915-ல் வெளியிட்ட நூலில், நாளைய பள்ளிகளுக்கு உதாரணமாகக் கேரியைப் பாராட்டினார். அவர் கண்ணில் பட்டது நீச்சல் குளமும் தோட்டமும். சிகாகோ சர்வகலாசாலையின் பாபிட் 1912-லேயே அந்தப் பள்ளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவர் கண்ணில் பட்டது காலி அறை இல்லாத கட்டடம். பள்ளியை அவர் ஆலையோடு ஒப்பிட்டார். பிள்ளைகள் கச்சாப் பொருள், வர்ட் ஓர் இஞ்சினீயர். கட்டடத்தில் நூற்றுக்கு நூறு உபயோகம் வேண்டும், சனி ஞாயிறும் கோடைகாலமும் வீணாகக் கூடாது என்று கணக்கு விரித்தார். நல்ல மனிதர் ஒருவர் நல்ல நோக்கத்தோடு செய்த காரியத்தை எண்ணிப் பார்ப்பவர்கள் எப்படிச் சுவீகாரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தைகளின் தகப்பன்மார் உருக்கு உலைக்கு முன்னால் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கம்பெனி அந்த வழக்கத்தை விட்டது 1923-ல்தான்.

நியூயார்க்கில் 1914-ம் வருஷம் ஜான் பர்ராய் மிச்செல் என்பவர் மேயர் பதவி ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்துநாலுதான். லஞ்சம் வாங்காதவர், கெட்டிக்காரர், பட்ஜெட்டை இறுக்கிப் பிடிப்பவர். பள்ளிக்கூடங்களில் இடம் இல்லாமல் பிள்ளைகள் அரை நாள் மட்டும் படித்துவந்த சமயம் அது. புதுக் கட்டடம் கட்டாமலே இடம் உண்டாகும் என்றால் எந்த மேயருக்குத்தான் வாய் ஊறாது? நேரே கேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வருஷத்துக்குப் பதினாயிரம் டாலர் சம்பளம், மாதத்தில் ஒரு வாரம் வேலை என்று வர்ட்டையே ஏற்பாடு செய்துகொண்டார். பிராங்க்ஸில் ஒரு பள்ளி, புரூக்ளினில் ஒரு பள்ளி, முதலில் பரீட்சார்த்தமாகக் கேரி முறைக்கு மாறின.

நகரத்தின் பழைய சூப்பரின்டெண்டு மாக்ஸ்வெல் இதை ரசிக்கவில்லை. அவரும் எண்களாலேயே பதில் சொன்னார்! பக்கிங்ஹாம் என்ற நிபுணரைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தார். 1916-ல் முடிவு வந்தது: பழைய முறைப் பள்ளிகளோடும், உள்ளூரிலேயே உருவான வேறொரு முறைப் பள்ளிகளோடும் ஒப்பிட்டால் கேரி முறைப் பள்ளிகள்தாம் கடைசி. மேயர் கட்சியார் சும்மா இருப்பார்களா? முறை மாறிச் சில மாதங்கள்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன பரீட்சை என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கட்டடக் கணக்கை மட்டும் பார்த்துப் பள்ளியை மாற்றத் துணிந்தவர்கள், பரீட்சைக் கணக்கு வந்ததும் பொறுமையைப் பற்றிப் பேசினார்கள் என்பதை நான் குறித்துக்கொள்கிறேன்.

பெற்றோரை யார் கேட்டார்கள்? கீழண்டைப் பகுதிகளிலும் பிராங்க்ஸிலும் குடியேறியிருந்த யூதக் குடும்பங்கள் ருஷ்யாவை விட்டு ஓடி வந்தவை. பிள்ளை படித்து டாக்டராக வேண்டும், வக்கீலாக வேண்டும் என்பது அந்தத் தாய்மாரின் தவம். பட்டறை என்றதும் அவர்களுக்கு ஆலைதான் ஞாபகம் வந்தது. ‘என் பிள்ளையும் கூலியாளாகத்தான் போக வேண்டுமா?’ என்ற கேள்விக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் பதில் இல்லை. இதற்கு நடுவில் ராக்பெல்லரின் பெயர் வேறு அடிபட்டது. அவருடைய பணத்தில் நடந்த பொதுக் கல்விக் குழுவில் முக்கியஸ்தரான ஆபிரகாம் பிளெக்ஸ்னர் கேரிப் பள்ளிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நியூயார்க்கின் கல்விக் குழுவிலும் இடம் பெற்றார். எண்ணெய் ராஜா தமக்கு அடிமைகளைத் தயார் செய்கிறார் என்று எதிர்க்கட்சிப் பேச்சாளர்கள் முழங்கினார்கள். இது அபாண்டம். பிளெக்ஸ்னரின் ஆராய்ச்சி பல பாகங்களாக 1918-லிருந்து வெளிவந்தபோது, பாடங்களில் கேரிப் பிள்ளைகளின் தேர்ச்சி போதாது என்று அதுவே குறை கூறியது. ஆனால் அபாண்டம் எடுபட்டதற்குக் காரணம் இருந்தது. ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்படாத பணக்காரர்களின் ஆட்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றி எங்கோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் என்ற ஒன்று மட்டும் பொய் இல்லையே!

1917 அக்டோபரில், தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பிள்ளைகளே தெருவில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கில் ஊர்வலம்; பள்ளி ஜன்னல்களில் கல்; போலீஸ்; கைது. அரசியல்வாதிகளின் தூண்டுதல் இருந்தது என்றார்கள், இருந்திருக்கும். தூண்டிவிட்டதனால் மட்டும் பத்து வயதுப் பையன்கள் தினந்தோறும் கூடமாட்டார்கள். நவம்பரில் வாக்குப் பெட்டி பேசியது. ஹைலன் என்பவருக்கு மூன்று லட்சத்துப் பதிமூவாயிரத்துக்கு மேல். மிச்செலுக்கு ஒரு லட்சத்து ஐம்பத்தையாயிரம். சோஷலிஸ்டு வேட்பாளர் ஹில்க்விட் பதினாயிரம் வாக்கில்தான் மிச்செலுக்குப் பின்னால் நின்றார். தோல்விக்கு யுத்தம் முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஹைலன் பதவிக்கு வந்ததும் கேரி முறைக்கு நியூயார்க்கில் முடிவு கட்டிவிட்டார். பாவம், மிச்செல் விமானப் படையில் சேர்ந்து, 1918 ஜூலையில் லூயிசியானாவில் பயிற்சியின்போது விமானத்திலிருந்து விழுந்து இறந்துபோனார்.

நியூயார்க்கு துரத்தியதை டெட்ராய்ட் வரவேற்றது. 1929-ம் ஆண்டுக்குள் சுமார் இருநூறு ஊர்களில் பிளட்டூன் பள்ளிகள் நடந்தன. வர்ட்டின் நீச்சல் குளமும் தோட்டமும் எத்தனை ஊருக்குப் போயினவோ, அட்டவணை மட்டும் எல்லா ஊருக்கும் போயிற்று.

தொண்ணூற்றாறு வருஷம் கழித்து, அதே நியூயார்க்கில் பெற்றோர் மறுபடி எழுந்தார்கள். 2013-ல் ‘இன்ப்ளூம்’ என்ற ஸ்தாபனம், பெரும்பாலும் கேட்ஸ் தர்ம நிதியின் பணத்தில், பத்துக் கோடி டாலர் செலவில் தோன்றியது. பல ராஜ்யங்களின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை (பெயர், மார்க்கு, வருகை, ஊனம், பெற்ற தண்டனை எல்லாவற்றையும்) ஒரே களஞ்சியத்தில் சேர்த்து வைப்பது திட்டம். களஞ்சியத்தின் மென்பொருளை உருவாக்கியது பத்திரிகை முதலாளி ருபர்ட் மர்டாக்கின் கம்பெனி ஒன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்ற பாடம் கொடுக்கலாம் என்பது நோக்கம். அந்த நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, வர்ட்டின் நோக்கத்தில் இல்லாதது போலவே. விவரம் எதுவும் வெளியே கசிந்ததாகவும் செய்தி இல்லை. ஆனால் யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்று தாய்மார் கேட்டார்கள். ராஜ்யங்கள் ஒவ்வொன்றாக நழுவின. 2014-ல் நியூயார்க்குச் சட்டசபையே தடை போட்டது. ஏப்ரலில் இன்ப்ளூம் கடையைக் கட்டியது. இந்தத் தடவை கல் எறிய வேண்டியிருக்கவில்லை.

கேரி நகரம் என்ன ஆயிற்று? 1960-ல் அங்கே ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் பேர் இருந்தார்கள், 2020-ல் அறுபத்தொன்பதாயிரம். வர்ட்டின் காலத்திலேயே, 1927-ல், எமர்சன் பள்ளியில் நீக்ரோ மாணவர்களைச் சேர்த்ததற்காக வெள்ளைப் பிள்ளைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகர அதிகாரிகள் வெள்ளையர் பக்கமே சாய்ந்தார்கள். எந்தத் திறமைப் பட்டியலிலும் அதற்கு மார்க்குக் குறைத்ததாகத் தெரியவில்லை. பிற்பாடு வெள்ளையர் ஊரை விட்டுப் போனார்கள்; ஆலையில் ஆட்கள் குறைந்தார்கள்; வரி குறைந்தது. டூயி மெச்சிய எமர்சன் பள்ளி 2008-ல் மூடப்பட்டது. 2017-ல் கடன் தலைக்கு மேல் போய்விட்டதென்று இண்டியானா ராஜ்ய சர்க்கார் கேரியின் பள்ளிகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, அவற்றை நடத்தும் பொறுப்பை ஒரு தனியார் ஆலோசனைக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. 2024 ஜூலையில்தான் உள்ளூர்ப் பள்ளிக் குழுவின் கைக்கு அவை திரும்பி வந்தன.