எண்ணியவர்களும் எண்ணப்படாதவர்களும்

பொங்கலன்று காலை ஐந்தே முக்காலுக்குச் செம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். பனி விலகவில்லை. பறவைக் கணக்கெடுப்புக்கு வருவதாகப் பெயர் கொடுத்த மாணவிகள் ஒன்பது பேர். வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர். மாணவர்கள் ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். வராதவர்களில் ஒருத்தி ஆறு மணிக்குச் செய்தி அனுப்பினாள்: "சாரி மேம். கோலம் போட்டுட்டு அம்மாவோட சேர்ந்து பானை வைக்கணும். எனக்குப் பதிலா அண்ணன் வர்றான், அவன்கிட்ட பைனாகுலர் குடுங்க."

அண்ணன் வந்தான். நல்ல பையன், ஆர்வமாகவே எண்ணினான். அன்றைய பட்டியலில் அவன் பெயர் சேர்ந்தது. அவள் பெயர் சேரவில்லை.

2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் இந்தக் கணக்கெடுப்பை நடத்திவருகிறார்கள். வலசைப் பறவைகள் நம் ஏரிகளில் நிறைந்திருக்கும் காலம் அது, விடுமுறையும் கூட. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்த, கேட்ட பறவைகளை எண்ணி 'இபேர்ட்' தளத்தில் பதிய வேண்டும். சம்பளம் கிடையாது, தகுதிச் சான்றும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் எண்ணலாம். ஆனால் 'யார் வேண்டுமானாலும்' என்று நாம் சொல்லும்போது, பண்டிகை நாளின் விடியலில் அடுப்படியிலிருந்து விடுபடக்கூடியவர் யார் என்று கேட்பதில்லை. விடுமுறை என்ற சொல் ஒரே வீட்டுக்குள் இரண்டு பேருக்கு இரண்டு பொருள் தருகிறது.

தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவது, நினைப்பதும் அதுவே. எண்ணப்படாதது நினைக்கவும் படாது. தென்சென்னையின் நீர்நிலைகளை எண்ணியவர்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது இந்தச் சொல்தான் எனக்கு வழிகாட்டியது. எண்ணியவர்கள் யார், யாருடைய பெயரில் எண்ணினார்கள், எது எண்ணிக்கைக்குள் வரவே இல்லை?

முதலில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைச் சொல்ல வேண்டும். 1801இல் மெட்ராஸ் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவராக வந்தவர் சர் ஹென்றி குவில்லிம். உடன் வந்த மனைவி எலிசபெத் குவில்லிம், இங்கே வாழ்ந்த ஏழாண்டுக் காலத்தில் மெட்ராஸின் பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். சிறகின் அடுக்கு, கால் செதிலின் வரிசை வரை பார்த்து வரையப்பட்ட படங்கள் அவை. பல படங்களில் பறவை அதன் முழு உருவளவிலேயே இருக்கிறது. அமெரிக்கப் பறவைகளை அப்படி வரைந்து உலகப் புகழ்பெற்ற ஆடுபானின் முதல் படங்கள் அச்சேறியது 1827இல்தான். குவில்லிம் 1807இல் மெட்ராஸிலேயே 44ஆவது வயதில் இறந்துவிட்டார். அவருடைய படங்கள் நூறாண்டுக்கு மேல் எங்கோ கிடந்தன. 1924இல் கேசி வுட் என்பவர் அவற்றை லண்டனில் கண்டெடுத்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சேர்த்தார். 121 பறவைப் படங்கள்.

நீதிபதி பற்றிய குறிப்புகள் சட்ட வரலாற்றில் உண்டு. நீதிபதியின் மனைவி ஒரு பறவையியலாளர் என்பதை உலகம் அறிய ஒரு பெட்டி திறக்கப்பட வேண்டியிருந்தது. இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அந்தப் பறவைங்கள யாரு மேம் புடிச்சிட்டு வந்தாங்க?" சரியான கேள்வி. உள்ளூர்ப் பறவை பிடிப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்துத்தான் குவில்லிம் வரைந்தார். எந்தப் பறவை எந்த நீரில் இறங்கும், எப்போது வரும் என்று அறிந்தவர்கள் அவர்கள். குவில்லிமின் பெயர் நூறாண்டு கழித்தாவது கிடைத்தது. அவர்களுடைய பெயர் நமக்குக் கிடைக்கவே இல்லை.

இனி நிலத்துக்கு வருவோம். செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள ஏரிகள் ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். ஊர்க்காரர்கள் அதைக் கழுவெளி என்பார்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை அங்கே வந்து தங்கி, மெல்ல ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைத் தொட்டு, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. வெள்ளத்தை வாங்கிக்கொள்வது, நிலத்தடி நீரை நிரப்புவது, மீனையும் பறவையையும் வளர்ப்பது ஆகிய எல்லா வேலையையும் அந்த நிலம் கூலியில்லாமல் செய்துவந்தது.

அரசுக் கணக்கிலோ அது தரிசு. நெல் விளையாத, தீர்வை தராத நிலத்தை வெள்ளையர் ஆட்சியின் வருவாய்க் கணக்கு பயனற்றதாகவே பார்த்தது. விடுதலைக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. 'சும்மா கிடக்கிற' நிலம் என்பதால் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு வளர்ந்தது. மறுபக்கம் சாலைகளும், ரயில் நிலையமும், ஆய்வு நிறுவனங்களும், மென்பொருள் நிறுவனக் கட்டடங்களும் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலத்தில் இன்று எஞ்சியிருப்பது சிறு பங்குதான்.

'சும்மா' என்ற சொல் பெண்களாகிய நமக்குப் பழக்கமானது. "அம்மா என்ன செய்றாங்க?" "வீட்ல சும்மாதான் இருக்காங்க." நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீட்டுவேலை மட்டும் செய்யும் பெண் 'பணி செய்யாதவர்' பட்டியலில்தான் வருகிறாள். நியூசிலாந்தின் மாரிலின் வாரிங் 1988இல் வெளியிட்ட 'இஃப் விமன் கவுண்டட்' என்ற நூல் இந்த இரண்டையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவந்தது. நாடுகளின் பொருளாதாரக் கணக்கு முறை பெண்களின் கூலியற்ற உழைப்பையும் இயற்கையின் உழைப்பையும் ஒரே விதமாகப் பூஜ்யம் என்று வைக்கிறது என்பது அவருடைய வாதம். பள்ளிக்கரணையை அறியாமலே அவர் பள்ளிக்கரணையைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் கணக்கை மறுக்க இன்னொரு கணக்கு தேவைப்பட்டது. அதைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். 1978இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் போன்ற அமைப்புகளில் ஞாயிறுதோறும் தொலைநோக்கியோடு போனவர்களும், குப்பைமேட்டுப் புகை தாங்காமல் மனு எழுதத் தொடங்கிய குடியிருப்புவாசிகளும் அவர்களுள் அடக்கம். 2000இல் தொடங்கிய கேர் எர்த் அறக்கட்டளையின் நிறுவனர்களுள் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசன், சதுப்பு நிலத்தின் எல்லையையும் நீரோட்டத்தையும் உயிர்களையும் ஆண்டுக்கணக்கில் ஆவணப்படுத்தினார். பூநாரை, கூழைக்கடா, நீளவால் இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, அரிவாள் மூக்கன் என்று பட்டியல் நீளநீள, தரிசு என்ற சொல் நிற்க முடியாமல் போயிற்று. 2007இல் சுமார் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2025இல் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு ராம்சார் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். ஒரு பெண் சேற்றில் இறங்கி எடுத்த கணக்கு அவர் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. குவில்லிமின் பெட்டியை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன்.

மகிழ்ச்சியோடு கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். முடிக்க விடாமல் தடுப்பவர் ஓர் ஆயா.

சில ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருவொன்றில் வேலிக்கு வெளியே நின்று பறவை பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் எருமையை ஓட்டிவந்த ஆயா எங்களையே வேடிக்கை பார்த்தார். கோரைக்குள்ளிருந்து ஒரு கத்தல் கேட்டது. கையேட்டைப் புரட்டினோம். "தேடுறீங்களே, அது தாழக்கோழி. குஞ்சு வச்சிருக்கும், அதான் கத்துது" என்றார். பிறகு நாங்கள் காட்டக் காட்ட மடையான், சிறகி, முக்குளிப்பான், நீர்க்காகம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு கழுவெளிக்குள் இறங்கிக் கோரை அறுத்ததாகவும், குழம்புக்கு மீன் அரித்ததாகவும் சொன்னார்.

"இப்ப உள்ள போறதில்லையா ஆயா?"

"கம்பி போட்டுட்டாங்களே டீச்சரம்மா. நாங்க அறுத்தப்ப எவனும் அங்க குப்பை கொட்டல."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காப்புக்காடு என்பது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டத்தில் பிறந்த ஏற்பாடு. காட்டிலிருந்து மக்களை விலக்கி வைப்பதே அதன் இயல்பு. வேலி போட்டிருக்காவிட்டால் எஞ்சிய நிலமும் மனையாகியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கழுவெளி தரிசு என்று எழுதப்பட்ட காலத்திலும் அது தரிசல்ல என்று அறிந்திருந்தவர்கள் ஆயாவும் அவர் அம்மாவும்தான். அந்த அறிவை அன்றைய கணக்கும் எழுதவில்லை, காப்பாற்ற வந்த கணக்கும் எழுதவில்லை.

நானும் எழுதவில்லை. அன்று இரவு பட்டியலைப் பதிந்தபோது பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. குறிப்பு எழுத இடம் இருந்தும் வெறுமையாக விட்டேன். தாழைக்கோழியை எனக்குக் காட்டியவர் யார் என்று நான் பதியவில்லை. ஆயாவின் பெயரைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை. பறவை பிடிப்பவர்களை விட்டுவிட்ட குவில்லிமை வகுப்பில் குறைசொன்னவள் நான்.

தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறில் வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து என்று பறவைகளின் பெயரிலேயே பத்துகள் இருக்கின்றன. அங்கே கழியைப் பார்ப்பதும் பறவையைக் கண்டு பேசுவதும் பெரும்பாலும் தலைவி அல்லது தோழி. பாடியவர் பெயர் அம்மூவனார். கரையில் நின்று பார்த்த பெண்ணின் கண் பாட்டுக்குள் இருக்கிறது. அவள் பெயர் எங்கும் இல்லை.

இதையெல்லாம் நுணுக்கமான மனக்குறை என்று தள்ளிவிடுபவர்களுக்கு 2015 டிசம்பரை நினைவூட்டுவேன். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரிகளும் கால்வாய்களும் சதுப்பு நிலமும் கூலியின்றிச் செய்துவந்த வேலை எவ்வளவு பெரியது என்பது, அதைச் செய்ய இடமில்லாமல் போனபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. எங்கள் தெருவில் நீர் வடிந்த பிறகு வீடுவீடாகச் சேற்றை வழித்ததும், மெத்தையைக் காயவைத்ததும், காய்ச்சலில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டதும் பெண்கள். நானும் கல்லூரிக்குப் போகாமல் வாரக்கணக்கில் அதைச் செய்தேன். இழப்பைக் கேட்டு வந்தவர்கள் குளிர்பதனப் பெட்டியையும் வண்டியையும் குறித்துக்கொண்டார்கள். எங்கள் வேலை நாட்களை யாரும் கேட்கவில்லை. நிலத்தின் வேலையை எண்ணாமல் விட்டதன் விலையை, எண்ணப்படாத இன்னொரு வேலையால் கட்டினோம்.

கடந்த இரண்டு பொங்கலாக எங்கள் குழு மாலை நான்கு மணிக்கும் ஒரு சுற்று வைக்கிறது. போவதும் வருவதும் சேர்ந்தே. கரையில் இருட்டும் வரை நிற்பதில்லை. அதற்கு மாணவிகள் கூடுதலாக வருகிறார்கள். பட்டியலின் குறிப்புப் பகுதியில், பறவையை அடையாளம் சொன்னவர் யார் என்பதையும் அவர்கள் சொன்ன பெயரையும், அவர்கள் சம்மதித்தால், எழுதுகிறோம். மீன் விற்கும் அக்கா, ஏரிக்கரையில் துணி துவைக்கும் அம்மா, எருமை மேய்ப்பவர் என்று சிலர் அதில் வந்திருக்கிறார்கள். அந்த ஆயாவைத் தேடி இரண்டு முறை போனேன். வீடு மாறிவிட்டார்கள் என்றார்கள்.

அண்ணனை அனுப்பிய மாணவி இந்த ஆண்டும் காலையில் வர முடியவில்லை. ஆனால் எட்டு மணிக்கு அவள் பெயரில் ஒரு பட்டியல் வந்தது. மொட்டைமாடியில் பானை வைத்தபோது, பால் பொங்கும்வரை 15 நிமிடம் எண்ணியிருக்கிறாள்: காகம், மைனா, பச்சைக்கிளி, பஞ்சுருட்டான், மேலே பறந்துபோன அரிவாள் மூக்கன் இருபத்திரண்டு. எந்தத் திசையில் போயின என்றும் எழுதியிருந்தாள்: கிழக்கே, பள்ளிக்கரணைப் பக்கம்.

நல்ல பதிவு. அவளைப் பாராட்டினேன். "அடுத்த வருஷம் ஏரிக்கே வரணும் மேம்" என்றாள். அவள் அம்மாவிடம் பேச ஒரு ஞாயிறு போகலாம் என்றிருக்கிறேன். அம்மாவையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும்.