காசின்ஸ்கி, தியோடர் ஜான் (1942–2023)

தொழில்நுட்ப நாகரிகத்தை அழிக்க வேண்டும் என்ற கொள்கையின் பேரில் 1978 முதல் 1995 வரை 16 குண்டுகளை அஞ்சலில் அனுப்பியும் பிறர் கண்ணில் படும் இடங்களில் வைத்தும், மூவரைக் கொன்று 23 பேரைக் காயப்படுத்திய அமெரிக்க உள்நாட்டுப் பயங்கரவாதி, அதாவது சொந்த நாட்டு மக்கள்மீதே அரசியல் நோக்குடன் வன்முறையை ஏவியவர், தியோடர் காசின்ஸ்கி ஆவார். தொடக்கத்தில் இவர் பல்கலைக்கழகங்களையும் விமான நிறுவனங்களையும் குறிவைத்ததால், அவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைக் கொண்டு எஃப்.பி.ஐ. என்னும் நடுவண் புலனாய்வு அமைப்பு வழக்குக்கு இட்ட குறிப்பெயரிலிருந்து 'யூனபாம்பர்' என்ற பெயர் இவருக்கு வழங்கலாயிற்று.

சிகாகோவில் போலந்து வழிவந்த குடும்பத்தில் பிறந்த இவர் 16ஆம் வயதிலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு உளவியலாளர் ஹென்றி மர்ரி, மாணவர்களின் நம்பிக்கைகளை எழுதி வாங்கி, அவற்றையே கருவியாக்கி அவர்களைக் கடுமையாகத் தாக்கிப் பேசச் செய்து நடத்திய மன அழுத்த ஆய்வுக்கு இவரும் உட்பட்டார். அந்த ஆய்வு அறநெறிக்குப் புறம்பானதே. எனினும் பிற்காலக் கொலைகளின் வேர் அதுவே எனக் கூறப் போதிய சான்று இல்லை. 1967இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டம் பெற்று, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரான இவர், 1969இல் பதவி விலகி, 1971 முதல் மொன்டானா மாநிலத்தின் லிங்கன் ஊருக்கு அருகே, மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத 10 அடிக்கு 12 அடி மரக்குடிலில் வாழ்ந்தார்.

இவருடைய குண்டுகள் இயந்திர நாகரிகத்தை அசைக்கவில்லை; பொதியைப் பிரித்த கைகளையே சிதைத்தன. 1979இல் விமானமொன்றின் சரக்கறையில் இருந்த குண்டு முழுமையாக வெடிக்காமல் புகைந்ததால் பயணிகள் உயிர் பிழைத்தனர். 1985இல் பெர்க்லியில் விண்வெளி வீரராகும் கனவோடு படித்துவந்த விமானப்படை அதிகாரி ஒருவர் விரல்களை இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் சாக்ரமென்டோ நகரில், கடைக்குப் பின்புறம் ஆணிகள் நீட்டிக்கொண்டு கிடந்த மரத்துண்டைக் குனிந்து அகற்ற முயன்ற கணினிக் கடை உரிமையாளர், அம்மரத்துண்டே குண்டாக இருந்ததால் உயிரிழந்தார். 1995இல் அதே நகரில் காட்டுவளத் தொழில்துறைச் சங்கத்தின் தலைவரைக் கொன்ற பொதியின் மேல் எழுதப்பட்டிருந்தது அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவரின் பெயர்.

தம் கட்டுரையை வெளியிட்டால் கொலைகளை நிறுத்துவதாக இவர் எழுதியதன் பேரில், அரசுத் தலைமை வழக்கறிஞரும் எஃப்.பி.ஐ. இயக்குநரும் பரிந்துரைக்க, ஏறத்தாழ 35,000 சொற்கள் கொண்ட 'தொழில்துறைச் சமூகமும் அதன் எதிர்காலமும்' 1995 செப்டம்பர் 19 அன்று வாஷிங்டன் போஸ்ட் இதழில் வெளியானது. தொழிற்புரட்சியால் மனிதர் தன்னுரிமை இழந்தனர் என்னும் அதன் மையக்கருத்தைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜாக் எல்லுல் குண்டின்றியே முன்னர் எழுதிவிட்டார். ஆகவே கட்டுரையின் பெயரால் கொலைகாரரைச் சிந்தனையாளராக உயர்த்துவது தகாது. அதன் நடையில் தம் அண்ணனின் கடிதங்களை அடையாளம் கண்ட தம்பி டேவிட், மனைவியின் ஐயத்தை முதலில் நம்ப மறுத்து, பின்னர் பெருந்துயருடன் புலனாய்வாளருக்குத் தெரிவித்தார்.

1996 ஏப்ரல் 3 அன்று கைதான காசின்ஸ்கியின் குடிலில், அனுப்பத் தயார் நிலையில் மேலும் ஒரு குண்டு இருந்தது. 1998இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பரோலில் வர வாய்ப்பற்ற ஆயுள் தண்டனை பெற்ற இவர், 2023 ஜூன் 10 அன்று வட கரோலினாவில் உள்ள சிறை மருத்துவமனையில் தற்கொலை செய்துகொண்டார். தகவலுக்காக அறிவிக்கப்பட்டிருந்த 10 லட்சம் டாலர் பரிசின் பெரும்பகுதியை டேவிட், தம் அண்ணனால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கே அளித்தார்.