தலைவர் இல்லாத சங்கம்

நம்மவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தால் முதலில் தலைவரைத் தேடுவார்கள், பிறகு காரியதரிசி, ரசீதுப் புத்தகம், கடைசியில் பிளவு. நானும் இரண்டொரு சங்கங்களில் இருந்து பட்டவன். அதனால்தான் பாரிஸ் நகரத்துக் கெர்புவா காப்பிக் கடை என் மனத்தை விட்டு அகலுவதில்லை.

1860-களின் பிற்பகுதியில் ஓவியர் மானே மாலை வேளைகளில் அங்கே வந்து உட்காருவார். தெகா, மோனே, ரெனுவார், பசீல், நாவலாசிரியர் ஸோலா எல்லோரும் கூடுவார்கள். விதி கிடையாது, சந்தா கிடையாது. ஓவியம் ஒன்றே பேச்சு.

சண்டை இல்லாமலில்லை. 1870 பிப்ரவரியில், விமரிசகர் துராந்தி எழுதியதைப் பொறுக்காமல் மானே அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். விவகாரம் வாட்போர் வரை போயிற்று. துராந்திக்கு லேசான காயம். ஆனால் சீக்கிரமே இருவரும் மறுபடி சிநேகிதர்களானார்கள்.

அந்த வருஷமே யுத்தம் மூண்டது. பசீல் 28-வது வயதில் போர்க்களத்தில் மாண்டார். மற்றவர்களில் பலர் 1874-ல் சொந்தமாகவே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது. மானே அதில் சேரவில்லை. ஆயினும் அதே கோடையில், படகில் அமர்ந்து சித்திரம் தீட்டும் மோனேயைத் தம் சித்திரத்தில் தீட்டினார்.

அபிப்பிராயம் வேறு, சிநேகிதம் வேறு. இதை எந்த ரசீதுப் புத்தகம் நமக்குக் கற்றுக் கொடுக்கும்?