உயிர் மீண்டபின் அறிவு மீண்ட வரலாறு

1952 ஆம் ஆண்டுக் கோடையில் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொடிதாய்ப் பரவிற்று. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தடைப்பட்டுச் சேர்ந்தவருள், முதல் மூன்று வாரங்களில் 31 பேருக்கு 27 பேர் மாண்டனர். ஆகஸ்டு 27 அன்று பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து வல்லுநர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் துளையிடச் செய்து, குழாய் வழியே இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள். பொறிகள் போதாமையால் ஏறத்தாழ 1,500 மாணவர் முறைவைத்து, இரவும் பகலும் பைகளை அமுக்கினர். தீவிர சிகிச்சைப் பிரிவு தோன்றியது இந்த முயற்சியிலிருந்தே.

இவ்வரலாற்றைக் கூறுவோர் ஒன்றை எளிதில் மறந்துவிடுகின்றனர். அந்நோயாளிகளுள் பலர் விழித்திருந்தனர். பையை அமுக்கிய மாணவரே அவர்களுக்குக் கதை படித்துக் காட்டினர். சிறுவரோடு விளையாடவும் செய்தனர்.

பின்னர்ப் பொறிகள் பெருகின. காற்றூட்டியோடு நோயாளி போராடாதிருக்க, அவரை ஆழ்ந்த மயக்கத்தில் கிடத்துவது வழக்கமாயிற்று. இரக்கத்தால் எழுந்த வழக்கமே அது. ஆயினும், பிழைத்தவர் எத்தனை பேர் என்று எண்ணிய மருத்துவம், பிழைத்தவரின் நினைவாற்றல் என்னவாயிற்று என்று நெடுங்காலம் பெரிதும் கேட்கவில்லை. வீடு திரும்பியவர் கடைக்கணக்கில் தடுமாறினால், அதை முதுமையென்று தள்ளிவிடுவது எளிதாயிருந்தது.

முதுமை மட்டுமன்று என்பதை 2013 இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர் தலைமையில் வெளியான ஆய்வு காட்டிற்று. 821 நோயாளிகளுள் நால்வரில் மூவர்க்கு, நம் பெரியோர் சன்னி என்று வழங்கிய மனக்குழப்பம் கண்டிருந்தது. ஓராண்டு கழித்துச் சோதிக்கப்பட்டவருள் 34 விழுக்காட்டினரின் அறிவுத்திறன், தலையில் நடுத்தரக் காயம் பட்டோர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இளையோரும் இதற்குத் தப்பவில்லை. சன்னி நீண்ட அளவுக்குக் குறையும் மிகுந்தது.

இதற்கு முன்பே, 2009 இல், சிக்காகோவிலும் அயோவாவிலும் 104 பேரிடம் ஒரு சோதனை நடந்திருந்தது. மயக்கமருந்தை நாள்தோறும் நிறுத்தி, நோயாளியை எழுப்பி உட்காரவைத்து, உடுத்தவும் நடக்கவும் உடனே பழக்கியபோது, நான்கு நாள் நீண்ட சன்னி இரண்டு நாளாய்க் குறைந்தது. 2023 இல் சிக்காகோவில் 200 பேரைக்கொண்டு வெளியான ஆய்வு மேலும் தெளிவானது. காற்றூட்டி பொருத்திய நான்கு நாளுக்குள் பயிற்சி தொடங்கியவருள், ஓராண்டில் அறிவுக்குறை கண்டோர் 24 விழுக்காடு. வழக்கமான முறையில் இருந்தவருள் 43 விழுக்காடு.

எல்லா ஆய்வும் இவ்வாறு முடியவில்லை. 2022 இல் வெளியான பன்னாட்டுச் சோதனையொன்றில், கூடுதல் நடைப்பயிற்சியால் நன்மை தோன்றாததோடு இதயத்துடிப்பு மாறுபாடு போன்ற தீங்குகளும் மிகுந்தன. எவரை, எப்போது, எவ்வளவு எழுப்புவது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. படுக்கையருகே ஒருவர் அமர்ந்து, நாளையும் கிழமையையும் சொல்லி, சட்டைப் பொத்தானை நோயாளியின் கையிலேயே கொடுத்துக் காத்திருக்கும் பயிற்சி மட்டும் பல மருத்துவமனைகளில் தொடர்கின்றது.