சூதைப் பாடிய காப்பியம்: பாஞ்சாலி சபதம்

பாஞ்சாலி சபதம், சுப்பிரமணிய பாரதி (1882–1921) புதுச்சேரியில் வாழ்ந்தபோது இயற்றிய குறுங்காப்பியம். மகாபாரதத்தின் சபா பர்வத்தில் வரும் சூதாட்டம்தான் இதன் கதை. அழைப்பு, சூதாட்டம், அடிமை, துகிலுரிதல், சபதம் என்று ஐந்து சருக்கங்கள். முதல் இரண்டும் முதல் பாகமாக 1912-ல் வெளிவந்தன. மற்ற மூன்றும் கவிஞர் மறைந்த பிறகு, 1924-ல்தான் அச்சேறின. தமிழில் சூதாட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை பாடுவதற்கேற்ற மெட்டுகளில் அமைந்த பெரும்படைப்பு இது.

சூதைப் பாடும் வழக்கம் மிகப் பழையது. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 34-ஆம் பாடல் ஒரு சூதாடியின் புலம்பல். அந்தக் காலத்தில் தான்றிக்காயே பகடையாக உருண்டது. மனைவி வெறுத்தாள், வீட்டார் கைவிட்டார்கள், ஆனாலும் காய் உருளும் சத்தம் கேட்டால் கால் தானாக ஆட்டக் களத்துக்குப் போகிறது என்று அந்த மனிதன் அழுகிறான். காயை விட்டுவிட்டு நிலத்தை உழு என்ற அறிவுரையும் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. திருக்குறளில் சூது 94-ஆம் அதிகாரம். வள்ளுவத்தில் அதற்கு முன்னால் கள்ளுண்ணாமை, பின்னால் மருந்து. அதிகாரத்தின் முதல் குறளே தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. வெற்றியைத்தான் எச்சரிக்கிறது: கிடைத்த வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு போன்றது என்கிறது. சூதாடியின் மனதைத் தெரிந்தவர் எழுதியது என்பதில் ஐயமில்லை.

புகழேந்தியின் நளவெண்பா இன்னொரு கிளை. கலி பிடித்த நளன், புட்கரனிடம் நாட்டைத் தோற்றுக் காட்டுக்குப் போகிறான். அதே கதையைத் தென்காசிப் பாண்டியரான அதிவீரராமர் நைடதமாகப் பாடினார். பாரதக் கதையை வில்லிபுத்தூரார் தமிழில் பாடினார். அவருடைய சபா பருவத்தில் ‘சூதுபோர்ச் சருக்கம்’ தனியாகவே உண்டு. வட மாவட்டங்களில் திரௌபதை அம்மன் கோயில் விழாக்களில் இந்தப் பகுதி தெருக்கூத்தாக விடிய விடிய நடக்கும். ஆக, பாரதி கையில் எடுத்தபோது தமிழ்நாட்டில் இந்தக் கதை தெரியாதவர் யாருமில்லை. தெரிந்த கதையை மறுபடி ஏன் பாடினார் என்பதுதான் இந்நூலைப் படிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி.

விடையில் பாதி, அவர் பிறந்த மண்ணில் கிடைக்கிறது. இன்றைய விளாத்திகுளம் சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கும் எட்டயபுரம் அன்று ஒரு ஜமீனின் தலைநகர். சுற்றிலும் கரிசல், மானாவாரி வெள்ளாமை, பருத்தி, கம்பு, சோளம். மழை பொய்த்தால் விதைத்தது திரும்பாது. ஆனால் அந்த வறண்ட ஊர் இசைக்கு வறண்டதாக இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்தில்தான் மறைந்தார். அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற மாபெரும் இசைத் தொகுப்பை 1904-ல் அதே ஊரில் அச்சிட்டார். மேற்கே கழுகுமலை முருகன்மேல் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து, காவடி தூக்குபவர்களின் நடைக்கு ஏற்றபடி ஊர் ஊராகப் பரவியிருந்தது. பின்னாளில் இதே வட்டாரத்தில் விளாத்திகுளம் சுவாமிகள் என்று பெயர் பெற்ற நல்லப்ப சுவாமிகள் கரகரப்பிரியா ராகத்தை விரித்துப் பாடுவதைக் கேட்க, இடைசெவல் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் தேடிப் போனார்கள். அரண்மனைக் கச்சேரியும் தெருச் சிந்தும் ஒரே காற்றில் கலந்து கேட்ட ஊர் அது.

பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் ஜமீனில் வேலை பார்த்தவர். எந்திரங்களில் ஆர்வம் கொண்டு எட்டயபுரத்தில் பஞ்சாலை ஒன்றைத் தொடங்கினார். கரிசல் பருத்திக்குப் பொருத்தமான முயற்சி. அது நிலைக்கவில்லை. கையிருப்பு கரைந்தது, 1898-ல் அவர் இறந்தார். அப்போது மகனுக்கு 15 வயது. போட்ட முதல் முழுவதும் போன வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, இழப்பு எப்படிப் படிப்படியாக வந்து சேரும் என்பது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் செய்தியாக இருந்திருக்காது.

இனி மெட்டுக்கு வருவோம். எளிய சொல், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு கொண்ட காவியம் செய்பவனே இன்றைக்குத் தமிழுக்கு உயிர் தருகிறவன் என்ற கருத்தைப் பாரதி முன்னுரையில் வைக்கிறார். வில்லிபுத்தூராரின் விருத்த நடையை விட்டுவிட்டுப் பெரும்பகுதியை நொண்டிச் சிந்தில் அமைத்தார். இந்தத் தேர்வு கவனிக்கத் தக்கது. நொண்டி நாடகம் தெற்கே வழங்கிய மேடை வடிவம். திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் ஆகியவை பெயர் பெற்றவை. அதன் நாயகன், ஆசையால் கெட்டு, பொருளைத் தொலைத்து, களவில் பிடிபட்டு, காலை இழந்தவன். ஒற்றைக்காலால் தாவித் தாவி ஆடியபடி தன் வீழ்ச்சியைத் தானே பாடுவான். அந்தத் தாவலின் தாளம்தான் நொண்டிச் சிந்து. கெட்டழிந்தவன் கதை சொல்லும் சந்தத்தை எடுத்துத் தருமபுத்திரன் கெட்டழிந்த கதைக்குப் பொருத்தினார் பாரதி. திட்டமிட்டுச் செய்தாரோ, காது தானாகத் தேர்ந்ததோ, இதைவிடப் பொருத்தமான தாளம் கிடைத்திருக்காது.

கதையின் ஓட்டத்திலும் இசையின் கணக்கு உண்டு. வியாசரின் மூலத்தில் தருமன் ஒவ்வொரு பந்தயம் சொன்னதும் சகுனி காயை உருட்டுகிறான், வென்றேன் என்கிறான். அதே வரி மறுபடி மறுபடி வருகிறது. பல்லவி போல அது திரும்பத் திரும்பக் கேட்கும்போது நெஞ்சு கனக்கிறது. பாரதி இந்த அடுக்கை வேகமாக ஓட்டுகிறார். முத்தும் மணியும் போகின்றன. தேர், குதிரை, யானை, ஆள், மாடு எல்லாம் போகின்றன. ஆனால் அந்த ஓட்டத்துக்கு முன், அழைப்புச் சருக்கத்தில், பாண்டவர் அத்தினாபுரத்துக்குப் போகும் வழியில் ஒரு மாலை நேரம் வருகிறது. அருச்சுனன் பாஞ்சாலிக்குச் சூரியன் மறைவதைக் காட்டுகிறான். வானத்தில் நிறங்கள் நொடிக்கு நொடி மாறுகின்றன. கதைக்கு அந்தப் பகுதி தேவையில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைப் படித்த பிறகு ஆட்ட மண்டபத்துக்குள் நுழைகிறவருக்கு, என்ன இழக்கப்படப்போகிறது என்பது கண்ணில் நிற்கும்.

சூதாட்டச் சருக்கத்தின் கடைசியில் தருமன் நாட்டைப் பணயம் வைக்கிறான். இங்கே கவிஞர் கதையை நிறுத்திவிட்டுத் தாமே பேசத் தொடங்குகிறார். சிலையைக் காக்க வேண்டிய பூசாரி அதை விற்றதைப் போலவும், வாசல் காக்க நின்றவன் வீட்டையே வைத்துத் தோற்றதைப் போலவும் இருக்கிறது என்று சீறுகிறார். மக்களைத் தம்மைப் போன்ற மனிதர்கள் என்று அரசர்கள் நினைப்பதேயில்லை, ஆட்டு மந்தை என்று நினைத்துவிட்டார்கள் என்கிறார். வியாசரில் தருமன்மேல் இப்படி ஒரு கோபம் இல்லை. வில்லியிலும் இல்லை. நல்லவன் என்று பெயரெடுத்த அரசனும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை. சகுனியின் பொய்க்காயைவிட, தன்னுடையதல்லாததைத் தன்னுடையதாக எண்ணிப் பந்தயம் வைத்த தருமனின் கையே பாரதிக்குப் பெரிய அநீதி.

முதல் பாகம் இந்த இடத்தில் முடிகிறது. 1912-ல் புத்தகம் வாங்கியவர் படித்து முடித்தபோது நாடு போயிருந்தது. மீட்பும் இல்லை, சபதமும் இல்லை. வாங்கியவர் அடிமை நாட்டின் குடிமகன். எழுதியவரோ 1908 முதல் ஆங்கில அரசுக்கு எட்டாமல் பிரெஞ்சுப் புதுச்சேரியில் தங்கியிருந்தவர். பாஞ்சாலியைப் பாரத தேவியாகக் காணும் வாசிப்பு இன்று பள்ளிப் பாடம் வரை வந்துவிட்டது. அது சரியான வாசிப்புதான். ஆனாலும் அவிழ்ந்த கூந்தலும் இரத்தச் சபதமும் மேடையில் பெற்ற புகழில், நாட்டை வைத்தாடிய அந்த இடம் பின்னுக்குப் போய்விட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் வாசகர் கையில் இருந்தது அந்த முடிவுதான்.

இரண்டாம் பாகத்தில் பந்தயம் உயிர்களுக்கு வருகிறது. விதுரன் தடுக்கிறான், துரியோதனன் கேட்பதாயில்லை. தம்பியர் நால்வரும் போகிறார்கள், தருமன் தன்னையே வைத்துத் தோற்கிறான், கடைசியில் பாஞ்சாலி. தன்னை இழந்து அடிமையான பிறகு மனைவியைப் பணயம் வைக்க இவருக்கு என்ன உரிமை என்று அவள் கேட்கும் கேள்வி மூலத்திலேயே உண்டு. பாரதி அதற்கு வீட்டுப் பேச்சின் சூட்டைக் கொடுத்தார். சாத்திரம் சொல்லிப் பீஷ்மர் பின்வாங்கும்போது அவள் விடுவதில்லை. வீமன் கொதித்து, அண்ணன் கையை எரிக்க நெருப்புக் கொண்டுவரச் சகாதேவனிடம் சொல்கிறான். அருச்சுனன் அவனை அடக்குகிறான். பிறகே சபதங்கள்.

பாரதி செய்ததைப் போலத் தொடர்ந்த கதை ஒன்றைப் பாடல்களாகப் பிரித்து, ஒரே அமர்வில் கேட்கும்படி அமைப்பது மேற்கில் ராக் இசைக்கும் ஒரு காலத்தில் வழக்கமானது. அதில் சூதையே பொருளாகக் கொண்ட புகழ்பெற்ற இசைத்தட்டு, ஆலன் பார்சன்ஸ் புராஜெக்ட் குழு 1980-ல் வெளியிட்ட ‘தி டர்ன் ஆஃப் எ ஃப்ரெண்ட்லி கார்டு’. அந்தக் குழுவின் ஐந்தாம் தொகுப்பு அது. பார்சன்ஸ், பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தட்டுக்கு ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர். பாடல்களை எழுதிய எரிக் உல்ஃப்சன் அப்போது மோனாகோவில் குடியேறியிருந்தார். மான்டி கார்லோவின் சூதாட்ட விடுதியை அன்றாடம் கண்டார். தட்டின் இரண்டாம் பக்கத்தில் சுமார் 16 நிமிடம் ஓடும் தலைப்புப் பாடல், பாஞ்சாலி சபதத்தைப் போலவே ஐந்து பகுதிகள் கொண்டது. முதல் பகுதியின் மெட்டு ஐந்தாம் பகுதியில் திரும்பி வருகிறது. நடுவில் பகடையும் சீட்டும், ஒன்றுமில்லாமல் போன ஒருவனும். உல்ஃப்சன் 1996-ல் இதை ‘கேம்ப்ளர்’ என்ற இசை நாடகமாக ஜெர்மனியில் மேடையேற்றினார்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு ஒற்றுமையைவிட வேற்றுமையே பயன் தரும். உல்ஃப்சனின் சூதாடிக்குப் பெயரில்லை. அவன் இழப்பது அவனுடையது. அந்த இசை அவனுக்காக இரங்குகிறது, மெட்டு திரும்பி வரும்போது அவன் மறுபடி மேசைக்குப் போவான் என்று தெரிகிறது. பாரதியின் சூதாடிக்கு அந்த இரக்கம் கிடைப்பதில்லை, ஏனெனில் அவன் மேசையில் வைத்தது ஊராருடையது. கைப்பேசியில் ரம்மி ஆடிக் கடனாளியான குடும்பங்களைக் கண்டு தமிழ்நாடு அரசு 2022-ல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது நடந்த விவாதத்திலும், ஆடுகிறவனின் உரிமை என்ன, அவனை நம்பியிருப்பவர்களின் உரிமை என்ன என்ற இந்தப் பழைய வழக்குதான் பேசப்பட்டது.

பாஞ்சாலி சபதத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணால் ஓட்டினால் பாதி போய்விடும். உடுக்கை, டேப் போன்ற தோல்கருவி இருந்தால் இன்னும் நல்லது. இப்படிப் பாட எந்தத் தடையும் இல்லாமல் போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது தகராறு வந்தது. பாரதி எல்லோருக்கும் சொந்தம் என்ற குரல் எழுந்தது. எட்டயபுரத்தில் எழுத்தாளர் கல்கி முன்நின்று எழுப்பிய மணிமண்டபம் 1947-ல் திறக்கப்பட்டிருந்த காலம் அது. மெய்யப்பச் செட்டியார் பணம் எதுவும் பெறாமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். சென்னை மாகாண அரசு 1949-ல் பாரதியின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. இன்று எந்த ஊர்க் குழுவும் யாரையும் கேட்காமல் இந்த ஐந்து சருக்கங்களையும் பாடலாம், ஆடலாம், பதிவு செய்யலாம்.